ஏழு காலடியா, பன்னிரண்டு யார்டா? ஒரு பள்ளி அணியின் பாஸ் ஆட்டம் தடுமாறிய விதம்

பின்னணி

வடக்கு டெக்சாஸில் உள்ள ஓர் அரசுப் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியைப் பற்றியது இது. நான் அங்கே கோச் இல்லை. மகன் அந்தப் பள்ளியில் படித்தான். ஆட்டங்களை வீடியோ எடுத்து, ஒவ்வொரு ஆட்டத்துண்டையும் தனித்தனியாக வெட்டி, கோச்சுகள் பார்க்கத் தயார் செய்து கொடுப்பது என் வேலை. சம்பளமில்லாத வேலை, ஆனாலும் வாரத்தில் இரண்டு இரவுகளை முழுசாக எடுத்துக்கொள்ளும். அந்த ஊரில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் ஃபுட்பால்தான். கடைக்காரர் முதல் சர்ச்சுக்குப் போகிறவர்கள் வரை எல்லாருக்கும் அணியைப் பற்றி ஒரு கருத்து இருக்கும்.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள். குவார்ட்டர்பேக் பின்னால் நின்று பந்தை வாங்கி எறிவார். அப்படி எறிவதுதான் 'பாஸ்'. அதைப் பிடிக்க வேண்டிய ரிசீவர்கள் முன்கூட்டியே வகுத்த பாதையில் ஓடுவார்கள். அந்தப் பாதைக்கு 'ரூட்' என்று பெயர். ரிசீவர் திரும்பிப் பார்த்த பிறகு எறிந்தால் பல ரூட்டுகளில் அது தாமதம். அவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். கிரிக்கெட்டில் இரண்டு பேட்ஸ்மேன்கள் ஓட்டம் எடுக்கும்போது ஒருவர் கூப்பிட இன்னொருவர் கிளம்புவார். இங்கே கூப்பிடவும் நேரமில்லை.

முந்தைய ஆண்டின் குவார்ட்டர்பேக் படிப்பை முடித்துப் போய்விட்டார். புதிதாக வந்த பையனுக்கு 16 வயது. கை நல்ல பலம். ரிசீவர்களில் முக்கியமானவர்கள் மூன்று பேர். ஒருவன் பள்ளியின் ஓட்டப்பந்தய வீரன், நேராக ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது. இரண்டாமவன் பாஸ்கெட்பால் ஆடும் நெட்டையான பையன். மூன்றாமவன் உள்பக்கத்தில் நிற்கும் குள்ளமான 'ஸ்லாட்' ரிசீவர். நடுநிலைப் பள்ளிக் காலத்திலிருந்தே குவார்ட்டர்பேக்கின் நண்பன்.

கோடையில் 7 பேர் ஆடும் போட்டிகளில் இந்த நால்வரும் பிரமாதமாக ஆடினார்கள். அதில் இரண்டு பக்கமும் முன்வரிசையில் முட்டி நிற்கும் லைன்மேன்கள் கிடையாது, குவார்ட்டர்பேக்கை யாரும் துரத்த மாட்டார்கள். நாங்கள் ஆடிய போட்டிகளில் எறிவதற்கு 4 நொடி வரை கொடுத்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் சீசன் தொடங்கும்போது இந்த அணியின் பாஸ் ஆட்டம்தான் பெரிய பலம் என்று எல்லாரும் நம்பினோம். நானும்தான்.

முதல் நான்கு ஆட்டங்கள்

நான்கில் மூன்றில் தோற்றோம். ஓடி முன்னேறும் ஆட்டம் ஓரளவு நடந்தது. பாஸ் ஆட்டம் நடக்கவே இல்லை. பந்து ரிசீவரின் தலைக்கு மேல் போனது, முதுகுக்குப் பின்னால் போனது, கையில் பட்டுத் தெறித்தது. சில நேரம் ரிசீவர் ஒரு பக்கம் வளைந்தால் பந்து யாருமே இல்லாத மறுபக்கம் போய் விழுந்தது. அதைப் பார்க்கும்போது குவார்ட்டர்பேக் யாருக்கு எறிந்தார் என்றே புரியாது.

'ரிசீவர்களுக்குக் கை சரியில்லை' என்பது ஊர்ப்பேச்சு. அதற்கு ஆதாரமாக அமைந்தது நான் தயாரித்த கணக்கு. முதல் நான்கு ஆட்டங்களில் பிடிபடாமல் போன பாஸ்கள் 58. அவற்றில் 19-ஐ 'கைநழுவல்' என்று குறித்திருந்தேன். எந்த ரிசீவர் எத்தனை என்று பெயர் வாரியாகப் பிரித்து, உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டவும் செய்தேன். ஒட்டச் சொன்னது யாருமில்லை, நானாகச் செய்தது. ஓட்டக்கார பையன் பெயருக்கு நேரே 8 என்று இருந்தது.

ஐந்தாவது வாரத்துக்குள் பையன்களின் முகமே மாறிவிட்டது. குவார்ட்டர்பேக் ரிசீவர்களின் பக்கம் பார்ப்பதில்லை. பந்து தன் பக்கம் வராது என்று தெரிந்த ஆட்டங்களில் நெட்டையான பையன் பாதி வேகத்தில்தான் ஓடினான். ஓட்டக்காரன் யாரோடும் பேசாமல் பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்துகொள்வான்.

முதலில் எடுத்த முடிவு

கைநழுவல்தான் காரணம் என்றால் மருந்து எளிது. பந்து எறியும் இயந்திரத்தை மைதானத்துக்குக் கொண்டுவந்தோம். ரிசீவர்கள் ஒவ்வொருவரும் பயிற்சிக்குப் பிறகு தினமும் 100 பந்து பிடிக்க வேண்டும். பிடித்தார்கள், ஒரு குறையும் சொல்ல முடியாதபடி பிடித்தார்கள். ஒரு மாலை ஓட்டக்காரன் 100-ல் 97 பிடித்ததை நான் அருகில் நின்று எண்ணினேன். அந்த வெள்ளிக்கிழமை அவனுக்கு வந்த ஆறு பாஸ்களில் ஒன்றே ஒன்றுதான் கையில் நின்றது.

தலைமை கோச் சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். "இயந்திரத்திடம் நன்றாகப் பிடிக்கிறான், குவார்ட்டர்பேக் எறிந்தால் பிடிக்க முடியவில்லை. அப்போ இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? அதைக் கண்டுபிடித்துச் சொல்" என்றார். இத்தனை வாரத்தில் யாரும் கேட்காத சரியான கேள்வி அதுதான்.

வீடியோவில் கண்டது

மைதானத்தின் மேலிருந்து ஒரு கேமரா, கோல் பக்கத்திலிருந்து இன்னொன்று. இரண்டிலும் நொடிக்கு 30 ஃபிரேம். பந்து பின்னால் வந்த நொடியிலிருந்து எறிந்த நொடி வரை ஃபிரேம்களை எண்ணினேன். ரிசீவர் திரும்பும் ஃபிரேமையும் தனியாகக் குறித்தேன். 58 பாஸ்களுக்கும் இதைச் செய்ய இரண்டு இரவு ஆயிற்று.

ஒரே ஒரு பாஸை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், மற்றவை பெரும்பாலும் இதன் சாயல்தான். ரூட்டின் பெயர் 'கர்ல்'. ரிசீவர் 12 யார்டு ஓடி, சட்டென்று நின்று, குவார்ட்டர்பேக்கை நோக்கித் திரும்பி இரண்டு யார்டு பின்வர வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி மூன்று காலடி பின்வாங்கி, ஒரு சிறு காலடி முன்வைத்து எறிய வேண்டும். கணக்குப்படி 72-வது ஃபிரேமுக்குப் பக்கத்தில், அதாவது ஏறக்குறைய 2.4 நொடியில், பந்து கையைவிட்டுப் போக வேண்டும். வீடியோவில் 70-வது ஃபிரேமில் குவார்ட்டர்பேக் தயார், முன்காலை வைத்துவிட்டான். அப்போதும் ஓட்டக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறான், இருப்பது ஏறத்தாழ 14 யார்டில். குவார்ட்டர்பேக்கின் தோள் எறியப் போகிறது, அப்படியே நின்றுவிடுகிறது. பந்தை ஒருமுறை உள்ளங்கையில் தட்டுகிறான், இன்னொரு காலடி வைக்கிறான். 88-ல் ரிசீவர் திரும்புகிறான். 94-ல் பந்து கிளம்புகிறது. ரிசீவரைக் காவல் காக்கும் எதிரணி கார்னர்பேக்குக்கு அந்த உள்ளங்கைத் தட்டல் போதும். பந்து கிளம்பும்போது அவனும் கிளம்பிவிட்டான். ரிசீவரின் கையில் பந்து படும் அதே கணத்தில் கார்னர்பேக்கின் கையும் வந்து விழுகிறது. பந்து தரையில்.

என் தாளில் அதற்கு எதிரே 'கைநழுவல்' என்று எழுதியிருந்தேன்.

58-ஐயும் மறுபடி பிரித்தபோது உண்மையான கைநழுவல் 7 மட்டுமே. இந்தக் கர்லைப் போல நேரம் தப்பிப்போனவை 21. ரிசீவர் ஓரிடத்திலும் பந்து வேறிடத்திலும் இருந்தவை 12. எதிரணி நெருக்கியதால் கெட்டவை 13; அதிலும் 8-ல் எங்கள் லைன்மேன்கள் தேவையான நேரம் தடுத்துக் கொடுத்திருந்தார்கள், பந்துதான் கையில் தங்கிவிட்டது. வெறும் குறிதவறல் 5.

நேரம் ஏன் தப்புகிறது என்பதற்கு விடை பாடப்புத்தகத்தில், அதாவது அணியின் பிளேபுக்கிலேயே இருந்தது. கர்லுக்கு நேரே '7 காலடி, 12 யார்டு' என்று அச்சிட்டிருந்தோம். ஓட்டக்காரன் ஏழு காலடி வைத்தால் 13-ஐத் தாண்டிவிடுவான். தடகளத்தில் அவனுக்குப் பழக்கியதே காலடியை நீட்டிக்கொண்டே போவதும் நிமிர்ந்து ஓடுவதும்தான். அந்த வேகத்தில் நிற்க அவனுக்கு மேலும் மூன்று நான்கு குறுங்காலடிகள் தேவைப்பட்டன. நெட்டையான பையன் கிளம்பவே மெதுவாக இருந்ததால் ஏழில் 11-க்குக்கூட எட்டவில்லை. ஸ்லாட் பையன் குள்ளம். அவன் தானாகவே ஒன்பது காலடி வைத்து 12-ஐத் தொட்டுக்கொண்டிருந்தான். யாரும் சொல்லித்தரவில்லை. பல ஆண்டு நண்பனோடு ஆடிய பழக்கம்.

ஆக, ஒரே ரூட்டை மூன்று பேர் மூன்று நேரத்தில் முடித்தார்கள். குவார்ட்டர்பேக் முதல் ஆட்டத்தில் சரியான நேரத்தில்தான் எறிந்திருக்கிறான்; வீடியோவில் தெரிகிறது. அவற்றில் இரண்டை எதிரணி பிடித்துவிட்டது, அதாவது இன்டர்செப்ஷன். அதற்குப் பிறகு அவன் ரிசீவர் திரும்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எறிகிறான். காத்திருப்பதால் தாமதம், தாமதத்தால் நெருக்கடி, நெருக்கடியால் அவசர எறிதல். நண்பனுக்கு எறியும்போது மட்டும் காத்திருக்கவில்லை. அதனால் பாஸ்கள் பெரும்பாலும் அவனுக்கே போயின. மூன்றாவது ஆட்டத்திலேயே எதிரணி அவன்மேல் இரண்டு பேரைப் போட்டுவிட்டது.

இரண்டு தாள்கள்

இடம் மாறிப்போன 12 பாஸ்கள் தனிக் கதை. எங்கள் பிளேபுக்கில் ஐந்து ரூட்டுகள் 'ஆப்ஷன்' வகை. தன்னை ஒருவன் தனியாகத் துரத்தினால் ரிசீவர் விலகி ஓட வேண்டும். எதிரணி இடம் பிரித்துக் காவல் காத்தால் இடைவெளியில் நின்றுவிட வேண்டும். ஓஹியோவில் மிடில்டவுன் பள்ளிக் கோச்சாக இருந்த டைகர் எல்லிசன் 1950-களின் கடைசியில் தொடங்கிவைத்த வழி இது. குவார்ட்டர்பேக்கும் ரிசீவரும் ஒரே நேரத்தில் ஒரே முடிவுக்கு வந்தால் தடுக்கவே முடியாது. வராவிட்டால் பந்து ஆளில்லாத இடத்தில் விழும்.

ஞாயிறு மதியம் குவார்ட்டர்பேக்கையும் நெட்டையான பையனையும் வரச்சொன்னோம். தனித்தனி அறையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு தாள் கொடுத்து, ஒரு பாஸின் முதல் நொடியை மட்டும் திரையில் காட்டி நிறுத்தினேன். "இப்போ நீ என்ன பார்க்கிறாய், அடுத்து எங்கே போவாய், வரை" என்றேன். சரியான விடை எது என்று சொல்லவில்லை.

நெட்டையான பையனின் தாளில் எதிரே நின்ற கார்னர்பேக்கின் கால்கள் மட்டும் பெரிதாக இருந்தன. அந்தக் கால்கள் உள்பக்கம் சாய்ந்திருந்தால் வெளியே ஓட வேண்டும் என்று ஓர் அம்புக்குறி. குவார்ட்டர்பேக்கின் தாளில் அந்தக் கார்னர்பேக்கே இல்லை. எதிரணியில் பின்னால் ஆழத்தில் நிற்கும் இரண்டு சேஃப்டிகளை வட்டமிட்டு, 'இரண்டு பேர், அப்படியென்றால் இடக்காவல், அவன் நிற்பான்' என்று எழுதியிருந்தான்.

இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்தோம். பையன்கள் இருவரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். "சார், எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க" என்றான் நெட்டையன். "எனக்கும்தான்" என்றான் குவார்ட்டர்பேக். நான்கு வாரமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள் அன்று அரை மணி நேரம் அந்தத் தாள்களைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இருவர் சொன்னதும் உண்மை. ரிசீவர் கோச் தன் அறையில் எதிராளியின் காலைப் பார்க்கச் சொல்லியிருந்தார். குவார்ட்டர்பேக் கோச் தன் அறையில் சேஃப்டிகளை எண்ணச் சொல்லியிருந்தார். இரண்டும் நல்ல பாடம், நானறிந்த கோச்சுகள் எல்லாரும் சொல்லித்தருவதுதான். ஆனால் ஒரே அணியில் ஒரே ரூட்டுக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன என்பதைப் பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. பையன்கள்மேல் பழி போட்டது எவ்வளவு அநியாயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று மாலையே போய் சுவரிலிருந்த என் கணக்குத் தாளைக் கிழித்தெறிந்தேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டெக்சாஸ் பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யு.ஐ.எல் விதிப்படி, பள்ளி நடக்கும் வாரத்தில் வகுப்பு நேரத்துக்கு வெளியே 8 மணி நேரம்தான் பயிற்சி. சீசன் நடுவில் எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுத்தர முடியாது. எதை விடுவது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

குவார்ட்டர்பேக்கை மாற்றலாம் என்று ஓர் உதவி கோச் சொன்னார். பெற்றோர்கள் சிலருக்கும் அதுதான் விருப்பம். தலைமை கோச் மறுத்துவிட்டார். வேறு பையன் வந்தாலும் இதே மூன்று ரிசீவர்கள் மூன்று வேறு நேரத்தில்தான் திரும்பப் போகிறார்கள், அப்புறம் அவனும் காத்திருக்கத்தான் பழகுவான் என்றார். சரியான வாதம்.

ஆப்ஷன் ரூட்டுகள் ஐந்தில் நான்கை எடுத்துவிட்டோம். மிச்சமிருந்த ஒன்று ஸ்லாட் பையனுக்கு மட்டும், அதிலும் இருவரும் பார்க்க வேண்டியது ஒரே ஆளை: எதிரணியின் நடுவில் நிற்கும் லைன்பேக்கரை. ரிசீவர் கோச் இதைக் கடுமையாக எதிர்த்தார். எடுத்த நான்கில் ஒன்று ஓட்டக்காரனுக்கான நீண்ட ரூட், முந்தைய ஆண்டு அணிக்குப் பெரிய வெற்றிகளைத் தந்தது. அவருக்கு வருத்தம் இருந்ததில் தவறில்லை. ஆனால் அது முந்தைய ஆண்டு ஆட்கள் பல மாதம் பழகிய ரூட்.

கர்ல் உட்பட மற்ற ரூட்டுகளுக்கு ஆளுக்கு ஆள் காலடிக் கணக்கு போட்டோம். மைதானத்தில் சுண்ணாம்புக்கோடு போட்டு ஒவ்வொருவனையும் ஓடவிட்டு, 12 யார்டில் எத்தனையாவது காலடி விழுகிறது என்று எண்ணினோம். ஓட்டக்காரனுக்கு ஆறு, அதிலும் ஐந்தாவதிலேயே இடுப்பைத் தாழ்த்தி வேகத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். நெட்டையனுக்கு எட்டு. எண் வேறாக இருந்தாலும் மூவரும் திரும்பும் நேரம் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

பாஸ் பயிற்சியில் குவார்ட்டர்பேக் ரிசீவரைப் பார்க்கவே கூடாது என்று ஒரு வாரம் கட்டாயப்படுத்தினோம். கடைசிக் காலடி தரையில் பட்டதும் பந்து போய்விட வேண்டும். ரிசீவர் திரும்பும்போது பந்து பாதி வழியில் இருக்கும். பக்கத்திலிருந்து இரண்டு கோச்சுகள் பெரிய திண்டுகளைப் பிடித்து அவன் விலாவில் முட்டிக்கொண்டே இருந்தார்கள்; கோடையில் கிடைக்காத நெருக்கடி அது. இதற்கு தலைமை கோச் சொன்ன உதாரணம் பெயர்பெற்ற கோச் பில் வால்ஷ். 1970-ல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் வால்ஷுக்குக் கிடைத்த குவார்ட்டர்பேக் விர்ஜில் கார்ட்டருக்குக் கை பலம் குறைவு. காலடியையும் ரூட்டையும் நொடிக் கணக்கில் பொருத்தி, குறுகிய பாஸ்களைக் கொண்டே வால்ஷ் ஆட்டத்தை அமைத்தார். 1971-ல் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-லில் பாஸ் பிடிபடும் விகிதத்தில் முதலிடம் கார்ட்டருக்கு. எங்கள் பையனுக்குக் கை பலம் இருந்தது, அதனாலேயே நேரத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

குவார்ட்டர்பேக் கோச்சும் ரிசீவர் கோச்சும் இனி ஒரே அறையில் ஒன்றாகப் பாடம் நடத்த வேண்டும் என்றும் முடிவாயிற்று. ஆட்டத்தின் நடுவே பெஞ்சுக்கு வந்ததும் முதலில் பையன்கள் இருவரும் பேசுவார்கள், கோச் அதற்குப் பிறகுதான்.

அதன் பிறகு நடந்தது

அடுத்த ஆட்டம் முன்பைவிட மோசமாகப் போனது. ஆட்டத்தின் இரண்டாவது காற்பகுதியில் குவார்ட்டர்பேக் சொன்னபடியே நேரத்துக்கு எறிந்தான். நெட்டையன் ஈரப்புல்லில் வழுக்கி விழுந்தான். பந்து நேராக எதிரணியின் கைக்குப் போனது. பார்வையாளர் பக்கமிருந்து வந்த கூச்சல் என் வீடியோவில் இன்னும் இருக்கிறது. பெஞ்சில் என்ன நடக்கிறது என்று கேமராவைத் திருப்பினேன். நெட்டையன் தன் நெஞ்சைத் தட்டி 'என் தப்பு' என்று காட்டுகிறான். குவார்ட்டர்பேக் அவன் ஹெல்மெட்டைப் பிடித்துத் தன் ஹெல்மெட்டோடு முட்டுகிறான். அடுத்த முறையும் அதே கர்ல், அதே நேரம். பிடித்தான்.

அதற்குப் பிந்தைய நான்கு ஆட்டங்களில் எறியும் நேரம் பெரும்பாலும் 70-லிருந்து 76-வது ஃபிரேமுக்குள் நின்றது. பிடிபட்ட பாஸ்கள் பாதிக்கு மேல் போயின. இன்னொரு மாற்றத்தை நாங்கள் எதிர்பார்க்கவில்லை: லைன்மேன்கள் மேல் விழுந்த பழியும் குறைந்தது. பந்து நேரத்துக்குப் போய்விட்டால் அவர்கள் தடுத்த தடுப்பே போதுமானதாக இருந்தது.

எல்லாம் சரியாகவும் இல்லை. பந்து மைதானத்தின் ஒரு ஓரத்தில் இருக்க, மறு ஓரத்துக் கோட்டை நோக்கி எறியும் 'அவுட்' ரூட் கடைசிவரை கைகூடவில்லை. பந்து காற்றில் போகும் தூரம் அதிகம். நேரம் சரியாக இருந்தாலும் கார்னர்பேக் வந்து சேர்ந்துவிடுவான். இரண்டு இன்டர்செப்ஷனுக்குப் பிறகு அதைக் கைவிட்டோம். அந்த நான்கு ஆட்டங்களில் இரண்டு வென்றோம், சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃபுக்குப் போகவில்லை. நெட்டையன் பாஸ்கெட்பாலுக்குத் திரும்பிப் போய்விட்டான். போகும் முன் என்னிடம் வந்து அவன் வரைந்த அந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

இனி வேறு விதமாகச் செய்வது

கோடைப் போட்டிகளின் வீடியோவையும் ஃபிரேம் எண்ணிப் பார்ப்போம். அப்போதே எண்ணியிருந்தால், பிரமாதம் என்று நாங்கள் கொண்டாடிய பாஸ்களில் பல 3 நொடிக்கு மேல் கையில் இருந்தவை என்பது தெரிந்திருக்கும். உண்மையான ஆட்டத்தில் அந்த நேரம் கிடைக்காது.

கையில் பட்டு விழுந்த பந்தையெல்லாம் கைநழுவல் என்று குறிப்பதை நிறுத்திவிட்டேன். ரிசீவர் திரும்பி முடித்திருந்தானா, பந்து எந்த ஃபிரேமில் கிளம்பியது, எதிராளியின் கை எங்கே இருந்தது, இந்த மூன்றும் எழுதாமல் யார் பெயருக்கு எதிரேயும் எண் போடுவதில்லை. அப்படி எழுதியதும் கோச்சுகளுக்கு மட்டும்தான் போகும், சுவருக்குப் போகாது. ஓட்டக்கார பையனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றான். 8 என்ற அந்த எண்ணை அவன் அம்மா பார்த்துவிட்டு வீட்டில் கேட்டதாகவும் சொன்னான்.

பையன்களிடம் கேட்பதை ஐந்தாவது வாரம் வரை தள்ளிப்போட்டிருக்கக் கூடாது. இப்போது திங்கட்கிழமை வீடியோ பார்க்கும் முன் எல்லாரும் தாளில் வரைகிறார்கள், கோச்சுகள் உட்பட. முதல் வாரமே இரண்டு கோச்சுகளின் தாள்கள் ஒத்துப்போகவில்லை; அதைச் சரிசெய்த பிறகுதான் பையன்களுக்குத் திரையைப் போட்டோம்.

அடுத்த வசந்தத்தில் பயிற்சி தொடங்கிய நாளன்று பந்துப் பை கட்டியபடியே கிடந்தது. சுண்ணாம்புக் கோடு போட்டு, புதிதாக வந்த ரிசீவர்கள் ஒவ்வொருவரையும் 12 யார்டு ஓடவிட்டு, காலடிகளை எண்ணிக் குறித்துக்கொண்டோம். எண்ணியது குவார்ட்டர்பேக்.